காந்தத்தை வெளியே இழுக்கும்போது?

காந்தத்தை அசைக்கும்போது கம்பிச் சுருளில் பிறக்கும் மின்னோட்டம், அதாவது தூண்டு மின்னோட்டம் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் அதில் வரும் ‘தூண்டு மின்னோட்டம் எப்போதும் காந்தப்புலத்தை எதிர்க்கும்’ என்ற வரி பாதிதான் சரி. இயற்பியலாளர் லென்ஸ் 1834-இல் சொன்னது, சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயத்தில் (சுருளைக் கடக்கும் காந்தப்புலத்தின் மொத்த அளவில்) ஏற்படும் மாற்றத்தை அது எதிர்க்கும் என்று. வடமுனையைச் சுருளை நோக்கிக் கொண்டுபோனால் சுருளின் அந்தப் பக்கம் வடமுனையாகித் தள்ளும். வெளியே எடுத்தால் தென்முனையாகி இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டாவதில் தூண்டப்பட்ட புலமும் காந்தத்தின் புலமும் ஒரே திசைதான்! கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மார்க் போவதே இங்கேதான்.

படம் போடுவதைவிடச் செய்து காட்டுவது மேல். தடித்த செம்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, உள்ளே நியோடிமியம் என்ற வலுவான வகைக் காந்தம் சிறியதாக ஒன்றைப் போடுங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. ஆனாலும் ஆடி அசைந்துதான் இறங்கும். சுருளைப் போலவே குழாயிலும் மின்னோட்டம் தூண்டப்படுவதால், காந்தத்துக்குக் கீழே உள்ள குழாய்ப் பகுதி அதைத் தள்ளுகிறது, அது கடந்து வந்த மேல்பகுதி இழுக்கிறது. இரண்டு விசையும் மேல்நோக்கியே. அப்புறம், குழாயை நீளவாக்கில் அறுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், முன்னைவிட வேகமாக விழும். வட்டமாக ஓட மின்னோட்டத்துக்கு வழியில்லையே.

‘எதிர்க்காமல் உதவினால் என்ன சார்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. லேசாகத் தட்டிவிட்டால் போதும், காந்தம் தானே வேகமெடுக்கும், மின்சாரமும் சும்மா கிடைக்கும். சரி, அப்புறம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எதற்கு வெட்டுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன்.