சந்தேகம் கேட்க ஓர் இடம்

ஆன்லைனில் படிப்பது என்றாலே வீடியோ பார்ப்பது என்று ஆகிவிட்டது. வீடியோவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் (இந்திய அறிவியல் கழகம்) சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழித் திட்டத்தின் பாடங்களை, ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் இருந்தபடியே காசில்லாமல் படிக்கலாம். தேர்வு எழுதினால்தான் கட்டணம். பார்த்தது புரியாதபோது வாய்விட்டுக் கேட்க ஆள் இல்லை, அதுதான் குறை.

முன்பு ஓர் இடத்தில் பணம் கட்டி நேரலை வகுப்பில் சேர்ந்தேன். இருநூறு பேருக்கு மேல். எல்லார் மைக்கும் மூடியே கிடக்கும். சாட்டில் போட்ட கேள்வி கண் மூடித் திறப்பதற்குள் மேலே போய்விடும். மூன்று மாதம் கூடப் படித்தவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த வருத்தத்தில்தான், போன வருஷம் என்பிடெல்லில் பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்கத் தொடங்கியபோது பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று ஆள் தேடிப் பிடித்து ஆறு பேராகச் சேர்ந்தோம்.

முதலில் வாட்ஸ்அப். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் கேள்விகள் புதைந்து போயின. அப்புறம் டெலிகிராமுக்கு மாறி, குழுவுக்குள்ளேயே வாரத்துக்கு ஒரு தலைப்பாகப் பிரித்துக்கொண்டோம். மூன்றாவது வாரத்துச் சந்தேகம் அந்த இடத்திலேயே கிடக்கும். பின்தங்கியவர் யாரையும் கேட்காமல் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் எங்களைக் காப்பாற்றியது குரல் பதிவுதான். பாம்பன் தங்கச்சி வீடியோ அழைப்பில் வாயே திறக்க மாட்டாள். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு அவளிடமிருந்து ஒரு பதிவு. பின்னால் காற்று இரைச்சல், யாரோ ஐஸ் உடைக்கிற சத்தம். "அண்ணே, இந்த வைல் லூப் எப்பண்ணே நிக்கும்? எனக்கு ஓடிக்கிட்டே இருக்கு." வைல் லூப் என்றால், ஒரு நிபந்தனை சரியாக இருக்கும்வரை அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற கட்டளை. விடிவதற்குள் கீழக்கரைத் தம்பி ஒரு நோட்டுத்தாளில் ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணின் மதிப்பை எழுதி, ஒன்று கூட்டுகிற வரி விட்டுப்போன இடத்தை வட்டமிட்டு, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். நானும் அதே இடத்தில்தான் மாட்டியிருந்தேன்.

திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகிற வீட்டில் "எல்லாரும் ஏழு மணிக்கு வாங்க" என்றால் நடக்காது. கேட்பவர் தோன்றும்போது கேட்கட்டும், தெரிந்தவர் ஓய்ந்தபோது சொல்லட்டும். நம் கடற்கரைக்கு அதுதான் தோது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவது ஞாயிறு மட்டும், அதுவும் வீடியோ அழைப்பில். இலவச ஜூம் 40 நிமிடம்தான் தரும். எங்களுக்கு அதுவே போதும். மும்மூன்று பேராக ஜூமுக்குள்ளேயே தனி அறைகளுக்குப் போய்விடுவோம். மூன்று பேர் இருக்கிற இடத்தில் யாரும் ஒளிய முடியாது, அந்தத் தங்கச்சியும் பேசினாள். அங்கேயும் தீராததை மட்டும் என்பிடெல் பாடத்தின் கலந்துரையாடல் பகுதியில் ஆங்கிலத்தில் போடுவோம். தமிழில் பேசித் தெளிந்த கேள்வி ஆங்கிலத்தில் இரண்டே வரியில் வந்துவிடுகிறது.

ஜூலைப் பருவத்துக்கு மறுபடி சேரப் போகிறோம். தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கம் தனியாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு மேல் வந்தால் இன்னொரு குழு தொடங்கிக்கொள்ளலாம்.