விசாவில் அச்சிட்ட தேதியைக் கொஞ்சம் மறந்து தொலையுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோரின் விசா, அவர்கள் இங்கே இருக்கும்போதே காலாவதியாகிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆமாம், ஒன்றுமே ஆகாது. இதை எத்தனை பேரிடம்தான் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றுவது!

என் பெற்றோரின் பத்தாண்டு விசா செப்டம்பரில் முடிகிறது. அவர்கள் ஆகஸ்டில் வந்து இறங்கினார்கள். அன்று பிடித்தது சனியன். கும்பகோணத்திலிருந்து சித்தப்பா நாள் தவறாமல் போன் செய்கிறார். "விசா முடிவதற்குள் அண்ணனையும் அண்ணியையும் அனுப்பி வைத்துவிடு, அங்கெல்லாம் சட்டம் ரொம்பக் கடுமை" என்கிறார். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்டும் அதையே சொல்கிறார். சரி, அவர்கள் ஊரில் இருப்பவர்கள், விட்டுவிடலாம். இங்கேயே இருபது ஆண்டுகளாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை கோயில் பிரசாத வரிசையில் நின்றுகொண்டு, "விசா முடிந்த மறுநாள் இருந்தாலே நாடு கடத்திவிடுவார்கள்" என்கிறார். அந்தக் குரலில் இருந்த உறுதியைக் கேட்டால், சட்டத்தை எழுதிய குழுவில் அவரும் இருந்தாரோ என்று சந்தேகம் வரும்.

இதில் அம்மா வேறு கட்சி மாறிவிட்டார். மாடியில் இருக்கும் மல்லிகைச் செடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுகிறாரா இல்லையா என்ற கவலை அவருக்கு. "அத்தனை பேரும் சொல்கிறார்களே, நமக்கெதற்கு வம்பு, போய்விடுகிறோமே" என்கிறார். குளிர் தொடங்குவதற்குள் ஊர் போய்ச் சேர அவருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, கதவைத் தட்டுவதற்கான அனுமதி. அவ்வளவுதான். எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பதைக் கதவைத் திறப்பவர்தான் சொல்வார். அவர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை அதிகாரி. அவர் பதிவு செய்யும் குறிப்புக்குப் பெயர் ஐ-94. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு, அதாவது பி-2 பிரிவில் வருபவர்களுக்கு, வழக்கமாக அதில் 6 மாதம் கொடுப்பார்கள். விசா செப்டம்பர் 10 அன்று முடிகிறது என்று வையுங்கள். செப்டம்பர் 8 அன்று வந்து இறங்கி, அதிகாரி வழக்கம்போல 6 மாதம் கொடுத்தால், மார்ச் 7 வரை சட்டப்படி இருக்கலாம். நடுவில் விசா காலாவதியானது பற்றி அமெரிக்க அரசுக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் கும்பகோணத்தில்தான்.

இந்த அரைகுறை ஞானம் போனோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சென்னை விமான நிலையத்தில் அது என் அப்பாவின் சட்டைப்பைக்குள்ளேயே கைவிட்டது. கவுண்ட்டரில் இருந்த ஊழியர் விசாப் பக்கத்தைத் திருப்பினார், முடியும் தேதியைப் பேனா முனையால் தட்டினார், பிறகு பிப்ரவரி மாதத் திரும்பும் டிக்கெட்டைத் தட்டினார். "விசா முடிந்த பிறகு எப்படித் திரும்புவீர்கள்? தேதியை மாற்றினால்தான் போர்டிங் பாஸ்." அப்பா என்னை அழைத்துப் போனை அவரிடம் நீட்டினார். பயணியைத் தவிர யாரிடமும் பேசக் கூடாதாம், வாங்க மறுத்துவிட்டார். மேற்பார்வையாளர் வந்தார். அவரும் அதே தேதியைத் தட்டினார். விசா முடியும் நாளுக்கு முன் திரும்ப வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்று அப்பா கேட்டதற்கு, "கணினி ஏற்கவில்லை" என்று பதில். எழுபது வயதைத் தாண்டிய இருவர், பின்னால் நீண்டு நிற்கும் வரிசை, நள்ளிரவு நேரம், ஊறுகாய் பாட்டில்களால் கனத்த பெட்டிகள். யார்தான் வாதாடிக்கொண்டு நிற்பார்கள்? கேட்ட கட்டணத்தைக் கட்டித் தேதியை மாற்றிக்கொண்டு ஏறினார்கள். அவர்கள் இங்கே வந்ததும் மறுபடியும் கட்டணம் கட்டி அதைப் பிப்ரவரிக்கே நான் மாற்றினேன். இல்லாத விதிக்கு இரண்டு அபராதம். புகார் எழுதினால், "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று ஒரு கடிதம். நான் கருத்தா எழுதினேன்? பணத்தைத் திருப்பிக் கேட்டேன்!

இனி பெற்றோரை அனுப்புபவர்கள் ஒன்று செய்யுங்கள். விசா செல்லுபடியாகும் நாளுக்குள் அமெரிக்காவில் இறங்கினால் போதும் என்பதைச் சொல்லும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையப் பக்கத்தை அச்செடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். வாய்ச்சொல்லை மதிக்காத கவுண்ட்டர், தாளைப் பார்த்தால் சற்றே தயங்கும்.

ஊழியரை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும். குழப்பத்தின் வேர், தேதிகளைக் காட்டும் லட்சணத்தில் இருக்கிறது. தங்கும் காலத்தோடு சம்பந்தமில்லாத தேதியைப் பளபளக்கும் தாளில் அச்சிட்டு, படத்தோடு பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். உண்மையிலேயே தலைவிதியை நிர்ணயிக்கும் தேதியோ கண்ணிலேயே படுவதில்லை. 2013 வரை விமானத்தில் வருபவர்களுக்கு ஐ-94 என்று ஒரு வெள்ளை அட்டை இருந்தது. அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக் கொடுப்பார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். அதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மின்னணு மயமாக்கினார்கள். அதன் பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, கையால் தேதியைக் கிறுக்குவார்கள், அது 3-ஆ 8-ஆ என்று குடும்பமே விளக்கடியில் உட்கார்ந்து ஆராயும். இப்போது பல விமான நிலையங்களில் அந்த முத்திரையும் இல்லை. கைரேகை, படம், "வெல்கம்", முடிந்தது. இத்தனை நாள் இருக்கலாம் என்று அந்த அதிகாரி வாய் திறந்து சொல்வதுகூட அவர் மனநிலையைப் பொறுத்தது. சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போய் ஐ-94-ஐ நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் சரி. தெரியாத வீட்டில்?

எடுப்பதாவது எளிதா என்றால், அங்கேதான் நம் தமிழ்ப் பெயர்கள் வந்து வழிமறிக்கும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. நம்மில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான், தந்தை பெயரை முதலெழுத்தாகப் போட்டு வாழ்ந்தவர்கள். அமெரிக்க விசா அந்தக் காலிக் கட்டத்தைப் பொறுக்காது. உள்ள பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (FNU) என்று போட்டுவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். பெற்றவர்கள் நாள், நட்சத்திரம் பார்த்து வைத்த பெயர் இவர்களுக்குத் தெரியவில்லையாம்! இணையதளத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடினால் "பதிவு இல்லை" என்று வருகிறது. மனிதர் எதிரே சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார், நாட்டுக்குள் வந்ததற்குப் பதிவு இல்லை. முதல் பெயர் கட்டத்தில் அந்த மூன்று எழுத்தைப் போட்ட பிறகுதான் அவர் வந்து சேர்ந்ததை அமெரிக்கா ஒப்புக்கொண்டது.

அந்தப் பதிவை வந்த இரவே எடுத்துப் பாருங்கள், ஆறாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 6 மாதம் என்பது வழக்கம்தான், உரிமை இல்லை. அதிகாரி நினைத்தால் குறைத்துக் கொடுக்கலாம். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவதும் நடக்கிறது. பெயரிலோ பிரிவிலோ தேதியிலோ பிழை இருந்தால் திருத்தித் தர அதே துறையின் அலுவலகங்கள் இருக்கின்றன, அங்கே போய்க் கேட்கலாம். 6 மாதம் என்பதை 180 நாள் என்று விரல் விட்டு எண்ணுவதும் வேண்டாம். ஐ-94-இல் எந்தத் தேதி இருக்கிறதோ அதுதான் கணக்கு. போகிற போக்கில் இன்னொன்று: வருடத்துக்கு 180 நாள்தான் தங்கலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதியும் கிடையாது. போன வேகத்தில் திரும்பி வந்தால் அதிகாரி துருவித் துருவிக் கேட்பார், அது வேறு.

விசாத் தேதியைக் கட்டிக்கொண்டு அழுவதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. என் பெற்றோரை அது சீக்கிரம் துரத்தப் பார்த்தது. வேறு சிலரை அளவுக்கு மீறித் தங்க வைத்துவிடுகிறது. "இன்னும் ஐந்து வருடத்துக்கு விசா இருக்கிறதே" என்று நம்பி, ஐ-94 தேதியைப் பார்க்காமலே இருந்துவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பேரனுக்கு முதல் பிறந்தநாள் முடிந்து போகலாம் என்று இருந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் சட்டம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. ஐ-94 தேதியைத் தாண்டி ஒரே ஒரு நாள் இருந்தாலும் அந்த விசா செல்லாது. அதில் எத்தனை வருடம் மிச்சம் இருந்தாலும் சரி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். 180 நாளுக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டு வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. எழுபது வயதுக்காரருக்குப் பத்தாண்டு என்றால் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டுமா? இவ்வளவு பெரிய கத்தியைத் தொங்கவிடுபவர்கள், அது எந்தத் தேதியில் விழும் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

காலத்தை நீட்டிக்க வழி இருக்கிறது, ஐ-539 என்ற விண்ணப்பம். ஐ-94 முடிவதற்குள் அது போய்ச் சேர வேண்டும். 45 நாள் முன்பே அனுப்புங்கள் என்பது குடியேற்றச் சேவைத் துறையின் அறிவுரை. 2024 ஏப்ரலில் உயர்த்திய கட்டணப்படி இணையத்தில் 420 டாலர், தாளில் அனுப்பினால் 470 டாலர். ஏன் இன்னும் இருக்க வேண்டும், செலவுக்குப் பணம் எங்கே, ஊருக்குத் திரும்பத்தான் போகிறீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று எல்லாம் கேட்பார்கள். பிறகு? காத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மூன்று மாதம் கூடுதலாக வேண்டும் என்று கேட்டிருப்பீர்கள். பதில் வருவதற்குள் அந்த மூன்று மாதமே ஓடிப்போயிருக்கும். முறைப்படி, உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால் பதில் நிலுவையில் இருக்கும்வரை அந்த நாட்களைச் சட்ட விரோதமாகத் தங்கியதாகக் கணக்கிட மாட்டார்கள் என்பது ஒரு சிறிய ஆறுதல். பலர் பதில் வருமுன்பே கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

அப்படியானால் விசா முடியும் தேதிக்கு ஒரு வேலையும் இல்லையா? இருக்கிறது, ஊருக்குப் போன பிறகு. காலாவதியான விசாவோடு மறுபடி வர முடியாது, புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் முடிந்து 48 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் நேர்காணல் இல்லாமலே புதுப்பிக்க வாய்ப்பு இருந்தது. 2025-இல் அதை 12 மாதமாகச் சுருக்கிவிட்டார்கள். வயது 79-ஐத் தாண்டியவர்களுக்கு என்று இருந்த விலக்கையும் அந்தச் செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆகவே 12 மாதத்தைத் தவறவிட்டால், எண்பது வயதானாலும் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான், அதுவும் நேர்காணலுக்குத் தேதி கிடைத்த பிறகு. என் பெற்றோர் பிப்ரவரியில் திரும்பினால், அடுத்த செப்டம்பர் வருவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். விசாவில் இருக்கும் தேதியை வைத்துப் போட வேண்டிய ஒரே கணக்கு இதுதான். இத்தனை பேர் இத்தனை முறை போன் செய்தார்களே, இதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.