சில வருடம்கூடத் தாங்காத ஸ்வெட்டரும் நாவலும்

நேற்று காலை ஜன்னலைத் திறந்ததும் இந்த வருடத்தின் முதல் குளிர்காற்று முகத்தில் அடித்தது. வருடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். அன்றைக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஸ்வெட்டர் பெட்டியை இறக்கி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வேன், அப்புறம் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மறுபடி படிக்கிற அந்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். நேற்று இரண்டும் என் கையிலேயே பிய்ந்து வந்தன. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முதலில் ஸ்வெட்டர். சாம்பல் நிறம், போன வருடம்தான் வாங்கினேன், மொத்தம் ஏழெட்டு முறை போட்டிருப்பேன், அவ்வளவுதான். அக்குளுக்குக் கீழே, கை உரசுகிற விலாப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக உருண்டை கட்டியிருக்கிறது. பிடித்து இழுத்தால் வராது, இன்னும் இழுத்தால் கூடவே நூலும் வருகிறது. மணிக்கட்டுப் பட்டி தொளதொளவென்று விரிந்து மடிப்பே நிற்கவில்லை. வாங்கும்போது அதில் தொங்கிய அட்டையில் 'கம்பளி கலந்தது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. இப்போது உள்பக்கத் தையலோரம் இருக்கும் நகக்கண் அளவு லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தால் அக்ரிலிக் 70, பாலியஸ்டர் 22, கம்பளி 8. எட்டு சதவீதம்! அதை வைத்துக்கொண்டு கம்பளி என்ற சொல்லையே அட்டையில் போட எப்படி மனசு வந்தது?

இது என் கைராசி இல்லை, நூலின் குணம். இழை குட்டையாகவும் முறுக்கு தளர்வாகவும் இருந்தால் உரசும்போது இழையின் நுனி வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகும். நல்ல கம்பளியிலும் ஆரம்பத்தில் இது வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கம்பளி இழை அவ்வளவு வலுவானது இல்லை என்பதால் கொஞ்ச நாளில் அந்த உருண்டை தானாக அறுந்து விழுந்துவிடும். அக்ரிலிக், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை வலுவானது, உருண்டையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வலுவான இழை என்று பெருமையாக விற்கிறார்களே, அந்த வலுதான் துணியை அசிங்கமாக்குகிறது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக் ஈரத்தை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. காலையில் குளிர், மதியம் வெயில், சாயங்காலம் மறுபடி குளிர் என்று ஒரே நாளில் மூன்று விதமாக இருக்கிற இந்த மாதத்தில், கொஞ்சம் வேகமாக நடந்தாலே வியர்வை முதுகில் நிற்கும், நின்ற இடத்தில் அந்த ஈரமே குளிரும். குளிருக்கு என்று வாங்கியது குளிரைத்தான் தருகிறது.

சரி, துணியை விடுங்கள். நாவல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏன் என்று பிறகு புரியும். அறுநூறு பக்கத்துக்கு மேல். முதல் தடவை படித்தபோது ஒரு வாரம் முழுக்க வெளியே தூறிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் வெயில் இறங்குகிற வாரத்தில் அதை எடுப்பது பழக்கமாகிவிட்டது. என் பழைய பிரதியை ஒருவருக்குக் கொடுத்து, அது திரும்பி வரவே இல்லை (அது தனி வயிற்றெரிச்சல்). அதனால் மூன்று வருடத்துக்கு முன்னால் புதுப் பதிப்பு வாங்கினேன். நேற்று மடியில் வைத்து நடுப்பக்கத்தை விரித்ததும் முதுகில் 'சட்'டென்று ஒரு சத்தம். புத்தகம் இரண்டாகப் பிளந்தது. 289இலிருந்து 320 வரை தனித்தனித் தாளாகக் கழன்று மடியில் விழுந்தது. அதில் என் பென்சில் கோடுகள் இருக்கின்றன. தந்தையும் மகளும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தோட்டத்தில் சருகு கூட்டுகிற பகுதி, நான் இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படிப்பதே அந்தப் பகுதிக்காகத்தான், அதுதான் கீழே விழுந்து கிடக்கிறது.

உடனே பைண்டிங் செய்கிறவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் புத்தகத்தின் முதுகைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இதுல தைக்கறதுக்கு மடிப்பே இல்லீங்களே" என்றார். உதடு பிதுக்கினார். எனக்கு அங்கேயே அழுகை வரும்போல ஆகிவிட்டது.

அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான். பெரிய தாளில் அச்சடித்து, அதை மடித்து, எட்டு அல்லது பதினாறு பக்கம் கொண்ட ஃபாரமாக ஆக்கி, ஒவ்வொரு ஃபாரத்தையும் மடிப்பின் வழியாக நூல் விட்டுத் தைத்து அடுத்ததோடு கோத்தால் அது தையல் பைண்டிங். அந்தப் புத்தகம் மேஜைமேல் தட்டையாக விரியும், நூறு முறை விரித்தாலும் தாள் கழலாது, முப்பது வருடம் கழித்து முதுகு நைந்தாலும் பிரித்து மறுபடி தைக்கலாம். இப்போது செய்வது என்ன? அந்த மடிப்புகளை மொத்தமாக வெட்டித் தள்ளிவிட்டு, வெட்டிய ஓரத்தைச் சுரண்டி, சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் பெர்ஃபெக்ட் பைண்டிங்! அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மலிவான சூட்டுப் பசை வெயிலில் இளகும், குளிரில் விறைத்து உடையும். கோடை முழுக்க சூட்டில் கிடந்த புத்தகத்தை முதல் குளிர் நாளில் எடுத்து விரிக்கிறோம், சரியாக அன்றைக்குத்தான் முதுகு முறிகிறது. வேறு வகைப் பசை இருக்கிறது, பியூஆர் என்பார்கள், வளைந்து கொடுக்கும், குளிர் சூடு இரண்டையும் தாங்கும். இது பதிப்பிக்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தேதான் செய்கிறார்கள்.

இப்போது எனக்கு இருக்கும் ஒரே வழி, ஓரமாகத் துளை போட்டுப் பக்கவாட்டில் தைப்பது. அப்படித் தைத்தால் தாள் கழலாது, ஆனால் புத்தகம் விரியாது. உள்பக்க ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல் தையலுக்குள் போய்விடும். இரண்டு கையாலும் பலம் கொண்டு பிடித்து வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் சூடான கோப்பை என்று சாய்ந்து உட்கார்ந்து படித்த சுகம் அதோடு போச்சு.

"நீங்கள் சரியாகப் பராமரித்திருக்க மாட்டீர்கள்" என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஸ்வெட்டரைத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, மூடிய பெட்டியில் வைத்தேன். துணியை அரிப்பது அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு என்பதும், அது கம்பளியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்பதற்காக வருகிறது என்பதும், வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடம்தான் அதற்கு ரொம்பப் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அழுக்கோடு ஒருபோதும் உள்ளே வைப்பதில்லை. என் பத்து வருடப் பழைய முழுக் கம்பளி ஸ்வெட்டர் அதே பெட்டியில்தான் இருந்தது, முழங்கையில் ஒரு ஓட்டையைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தகமும் வெயில் படாத அலமாரியில் நிமிர்ந்துதான் நின்றது. நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாயிற்று. செய்ய வேண்டியதைச் செய்யாதவர்கள் வேறு ஆட்கள்.

சரி, புதிதாக ஒரு நல்ல கம்பளி ஸ்வெட்டர் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். "கம்பளி ரகமெல்லாம் போன மாசமே முடிஞ்சிடுச்சுங்க, இப்போ கோட்டுதான்" என்றார் அங்கிருந்த பெண். போன மாதம் வெளியே தலை கொதித்தது! ஜூன் 21ஆம் தேதிவாக்கில்தான் வருடத்தின் நீண்ட பகல் வருகிறது, இலையுதிர்காலம் உள்ள வடக்குப் பகுதிகளில் பூமி சூடேறிக்கொண்டே போய் உச்ச வெயில் அதற்கும் பிறகு ஜூலை, ஆகஸ்டில்தான் வரும். செப்டம்பர் 22 அல்லது 23இல் பகலும் இரவும் சமமாகும், அந்த நாட்களில்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது, அப்புறம்தான் குளிர் ஏறும். பூமியின் கணக்கு இப்படி இருக்க, கடைக்காரர்களின் கணக்கு ஜூலைக் கடைசியிலேயே கம்பளியைத் தொங்கவிடுகிறது. வியர்த்து ஒழுகும் உடம்போடு டிரையல் ரூமில் நின்று ஸ்வெட்டரைத் தலைவழியே இழுத்துப் பார்த்து எது பொருந்தும் என்று யாரால் சொல்ல முடியும்? குளிர் வரும்போது போனால் தீர்ந்துவிட்டது. பருவத்துக்கு முன்னாலேயே பயந்துகொண்டு வாங்க வைக்கிறார்கள். அவசரத்தில் வாங்குகிறவர் உள் லேபிளைப் படிப்பதில்லை, அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

அந்தக் கடையில்தான் இன்னொன்றைப் பார்த்தேன், அதைப் பார்த்த பிறகுதான் இந்த ஆத்திரம் முழுசாக ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் துருநிற ஸ்வெட்டர் போட்ட பொம்மை, காலடியில் நான்கைந்து காய்ந்த இலை, பக்கத்தில் அதே துருநிற அட்டையோடு ஒரு அடுக்கு நாவல்கள். முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள், தாளின் பழுப்பு நிறம் தெரிந்தால் அழகாக இருக்குமாம். பெயரே தெரியவில்லை! யார் எழுதியது, எந்த மொழி, உள்ளே யார் அழுகிறார்கள், யார் சாகிறார்கள், எதுவும் வேண்டாம், நிறம் பொருந்தினால் போதும். இணையத்தில் வரும் இலையுதிர்கால வாசிப்புப் பட்டியல்களும் அப்படித்தான் ஆகிவிட்டன: இந்த ஸ்கார்ஃபுக்கு இந்த நாவல், இந்த பூட்ஸுக்கு இந்த நாவல். என் நாவலின் பெயரை நான் சொல்லாதது இதனால்தான். ஒருவர் வாழ்நாளில் பாதியைக் கொடுத்து எழுதியதை ஸ்கார்ஃபுக்குப் பக்கத்தில் வைக்கும் பொருளாக்க எனக்குச் சம்மதமில்லை. படிக்கிறவர் நல்ல உடை போட்டுக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை, எனக்கும் உடை பிடிக்கும், அந்தப் பழைய ஸ்வெட்டரின் வாசனையும் அந்த நாவலும் எனக்குள் ஒன்றாகத்தான் கலந்து கிடக்கின்றன. ஆனால் அது தானாகக் கலந்தது, பத்து வருடம் சேர்ந்து இருந்ததால் கலந்தது.

ஆக, வாங்கும்போது படத்துக்கு நன்றாக இருந்தால் போதும், அடுத்த வருடம் அது உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஸ்வெட்டர் உருண்டை கட்டினால் புதுசு வாங்கு, நாவல் கழன்றால் புதுசு வாங்கு, அதற்குள் அட்டையையும் மாற்றிவிடுகிறோம். தொடர்நாவல்களில் மூன்றாம் பாகத்தோடு அளவையே மாற்றிவிட்டு நான்காம் பாகத்தை அரை அங்குலம் உயரமாகப் போடுகிற கொடுமையும், விருது முத்திரையை ஒட்டாமல் அட்டையிலேயே அச்சடித்து, உரித்து எடுக்க முடியாதபடி செய்வதும் இதே வகைதான்.

அந்தக் கடையில் இருந்த கோட்டு ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். பெண்கள் கோட்டு. இடுப்பருகே அழகாக இரண்டு பை மூடி. விரலை விட்டால் உள்ளே போகவில்லை. தையல் பிரிக்காத பையாக இருக்கும் என்று நகத்தால் நெருடிப் பார்த்தேன், பையே இல்லை, வெறும் மூடியை மட்டும் தைத்து வைத்திருக்கிறார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் எடுத்துப் படிக்க ஒரு சின்ன நாவல் நுழைகிற அளவு பை, குளிர்கால உடையில் நான் கேட்பது அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் போய்ப் பார்த்தேன், அதே கடை, அதே துணி, உள்ளே ஒன்று வெளியே இரண்டு என்று மூன்று பை இருந்தன. கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை பழைய ஸ்வெட்டரின் முழங்கை ஓட்டையைச் சுற்றி நூல் ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். அதே நிற நூல் கிடைக்கவில்லை, கொஞ்சம் கருநீலமாகத்தான் தெரியும், தெரியட்டும். நாவலைப் பைண்டரிடம் கொடுக்கவில்லை. 289இலிருந்து 320 வரை தாள்களை வரிசையாக அடுக்கி ஒரு காகித உறையில் போட்டு உள்ளேயே செருகி, மொத்தத்தையும் நாடாவால் கட்டி வைத்திருக்கிறேன். நூல் தையல் போட்ட பழைய பதிப்பு ஒன்று எங்கே கிடைத்தாலும், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்வேன். அதுவரைக்கும் ஒவ்வொரு தாளாக எடுத்துத்தான் படிக்க வேண்டும்.