அவன் பிரமுகர், அவள் அழகியா?

நேற்று அந்த யூடியூப் சேனல் போட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலு பேர் அனுப்பியிருந்தார்கள். ‘ஆபாச நடிகைகள் வழக்கில் 27 ஆண்டு சிறை’ என்று தலைப்பு. முகப்பில் ஒரு கட்டில், மங்கலாக்கிய ஒரு பெண். ஆபாச இணையதளம் நடத்தித் தண்டனை வாங்கிய மைக்கேல் பிராட்டின் முகம் எங்கேயும் இல்லை.

யார் அந்த ‘ஆபாச நடிகைகள்’? மாடலிங் வேலை என்ற விளம்பரத்தை நம்பி அமெரிக்காவின் சான் டியேகோவுக்குப் போனவர்கள். பலர் கல்லூரி மாணவிகள். பிராட்டும் கூட்டாளிகளும் இணையத்தில் வரவே வராது என்று சொல்லி அவர்களைப் படம் பிடித்து, இணையத்திலேயே ஏற்றினார்கள். 22 பெண்கள் சிவில் வழக்குப் போட்டு 2020 ஜனவரியில் ஜெயித்தார்கள். சுமார் 1 கோடியே 27 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு. தலைமறைவான பிராட் 2022 டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டான். இத்தனை பாடுபட்டவர்களுக்கு நாம் வைத்த பெயர் அது.

சரி, தெரிந்தே அந்தத் தொழிலுக்குப் போனவளாக இருந்தால்? அப்போதும் நான் இதையேதான் சொல்வேன். 2015 நவம்பரில் நடிகை ஸ்டோயா, தன் முன்னாள் காதலரும் சக நடிகருமான ஜேம்ஸ் டீன் மீது பாலியல் வன்முறைப் புகார் சொன்னார். டீன் மறுத்தார், வழக்கு எதுவும் வரவில்லை. மறுத்ததையும் எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் ‘அவளே அந்த மாதிரிதானே’ என்பது எந்த ஊர்ச் செய்தி?

அப்பா திருவாரூர்ப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். ஒரு திருவிழாவில் ஆடல் பாடல் முடிந்து, மேடைக்குப் பின்னால் ஒருவன் ஆட வந்த பெண்ணைப் பிடித்து இழுத்துவிட்டான். விடியும்வரை அந்த அக்கா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஜிகினா அப்படியே இருந்தது. உடைந்த வளையல் கீறி மணிக்கட்டில் ரத்தம். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு அப்பாதான் கூட்டிப்போனார். மறுநாள் பேப்பரில் ‘குத்தாட்ட அழகி பரபரப்பு புகார்’. அவன் வெறும் ‘பிரமுகர்’, பெயர்கூட இல்லை. அந்த அக்கா கண்ணில் படக் கூடாதென்று அம்மா அந்தப் பேப்பரை அரிசி டின்னுக்கு அடியில் தள்ளினார்.

‘பணம் வாங்கினாளே’ என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். நடவுக்குக் கூலி கொடுத்தால் நடவு நட வந்தவளை அடிக்கலாமா? பண்ணையார்கள் கூலி ஆட்களுக்குக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் பார்த்த மண் இது. கூலி வேலைக்குத்தான், உடம்புக்கு இல்லை என்று சொல்லத்தானே நம் தாத்தாக்கள் செங்கொடி பிடித்தார்கள்? அந்த ஞாயம் வயலோடு நின்றுவிடுமா? எந்த நடத்தை உள்ள பெண்ணானாலும் அவள் விருப்பமில்லாமல் யாரும் நெருங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. நம் தலைப்புகளுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

‘பொய்ப் புகாரும் உண்டே’ என்பவர்களுக்கும் பதில் சொல்லிவிட்டேன்: புகார் என்றே எழுதுங்கள். அதற்குக் கட்டில் படம் எதற்கு?

அந்தச் சேனல் நடத்துவது நம்ம ஊர்ப் பையன்தான். தலைப்பை மாற்று தம்பி என்று நேற்று இரவே எழுதினேன். பார்த்துவிட்டான். தலைப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.