பலவான் சீனாவின் தீவா? சுற்றும் பதிவு பொய்

"பிலிப்பைன்ஸின் பலவான் மாகாணம் உண்மையில் 'செங் ஹே தீவு', ஆயிரம் ஆண்டுகள் சீனா ஆண்டது" என்றொரு பதிவு சுற்றுகிறது. தவறு. சீனர் அங்கே நிரந்தரமாகக் குடியேறியதற்குச் சான்றே இல்லை என்று பிலிப்பைன்ஸ் தேசிய வரலாற்று ஆணையம் 2025-இல் தெளிவாக மறுத்துவிட்டது. சீனர் வணிகத்துக்கு வந்துபோனார்கள். அது வேறு, ஆட்சி வேறு. தீவுக்குப் பெயராகச் சொல்லப்படும் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்பயணங்களே 1405-இல்தான் தொடங்கின. கணக்கே உதைக்கிறதே!

பலவானுக்கென்று நெடிய வரலாறு உண்டு. அங்குள்ள தபோன் குகைகளில் பல்லாயிரம் ஆண்டுப் பழைய மனித எலும்புகள் கிடைத்துள்ளன. அங்கே கிடைத்த மனுங்குல் ஈமத்தாழியின் மூடியில் ஒரு படகு, அதில் இருவர். முன்னவர் மார்பில் கைகட்டியிருக்க, பின்னவர் படகைச் செலுத்துகிறார். இந்தத் தாழி மணிலா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்பன்வா, பத்தாக் பழங்குடியினர் இன்றும் பலவானில்தான் வாழ்கிறார்கள்.

அந்தப் பதிவு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.