ஹாயெக் சொன்னது கணக்குப் போடுறதைப் பத்தி மட்டும் இல்லைங்க

"கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல திட்டமிட முடியாதுன்னாங்க, இப்ப முடியும், ஆஸ்திரியப் பள்ளி தோத்துப்போச்சு"ன்னு மேலே ஒருத்தர் எழுதியிருக்காருங்க. பாதிதான் சரி. சந்தையை விட்டுட்டு அரசாங்கமே முழுப் பொருளாதாரத்தையும் திட்டமிட முடியுமாங்குற பழைய விவாதம் இது. மீசஸும் ஹாயெக்கும் முடியாதுன்ன ஆஸ்திரியப் பள்ளிப் பொருளாதார அறிஞர்கள்.

சமன்பாடுகளைக் கம்ப்யூட்டர்ல போட்டா நொடியில விடை வந்துரும்னு சொன்னவர் சோசலிசத் திட்டமிடலை ஆதரிச்ச போலந்துப் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் லாங்கே. அந்தக் கட்டுரை 1967-ல வந்தது. ஆனா 1920-லயே மீசஸ் கேட்டது வேற: இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் சந்தை இல்லீன்னா விலை இல்லை, விலை இல்லீன்னா எதை வெச்சுக் கணக்குப் போடுவீங்க? 1945-ல ஹாயெக் கேட்டது, அந்தக் கணக்குக்குத் தகவல் எங்கிருந்து வரும்னு.

திருப்பூர் நெலவரத்துல பாருங்க. திட்டப் படிவத்துல "30-ம் நம்பர் நூல், இத்தனை கிலோ"ன்னு இருக்கும். நூலோட பருமனைச் சொல்றது நம்பர். ஒரே நம்பர்தான், ஆனா ரெண்டு லாட் (தனித்தனியா நூத்த தொகுதி) நூலைக் கலந்து ஓட்டினா சாயம் ஏறுன பிறகு துணியில பட்டை தெரியும். எந்த லாட்டை எதோட சேர்க்கக் கூடாதுன்னு நிட்டிங் மாஸ்டருக்குத் தெரியும், அவரை எழுதித்தரச் சொன்னா முழுசா எழுத வராது. வேகமான கம்ப்யூட்டர் இருந்தாலும் உள்ள போகாத தகவலுக்கு விடை வராதுங்க.

அதுக்காக ஹாயெக் ஜெயிச்சாருன்னும் சொல்லலை. பெரிய கம்பெனிகள் உள்ளுக்குள்ள பெரும்பாலும் சந்தை விலை இல்லாம திட்டம்தான் போடுது, அதுக்கு அவர் தரப்பு சொல்ற பதில் எனக்குப் பத்தாது. இன்னொண்ணு, திட்டமிடலை ஆதரிச்சவங்களும் எல்லாத்தையும் கணக்குப் போடணும்னு சொல்லலை. லாங்கே 1936-ல வெச்ச யோசனையில நுகர்பொருளுக்கும் உழைப்புக்கும் சந்தை இருந்துச்சு. இயந்திரம், மூலப்பொருள் மாதிரி மத்ததுக்குத் திட்டக்குழு விலை வைக்கும், தட்டுப்பாடுன்னா ஏத்தும், தேங்கினா இறக்கும். அரசு ஆலைகளைக் கவனிக்க சிலி நாடு வெச்ச சைபர்சின்ங்குற கம்ப்யூட்டர் திட்டமும் (1971-73) எல்லாத்தையும் கணக்குப் போடலை. டெலக்ஸ்ல வந்த ஆலைத் தகவல்ல வழக்கத்துக்கு மாறானதை மட்டும் மேலதிகாரிகளுக்குக் காட்டுச்சு.