அது சிரிக்கிற காட்சி இல்லை

சனிக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில் நண்பர்கள் நாம் சேர்ந்து பார்க்க நான் தேர்ந்தெடுத்த ‘தி கிராஃப்ட்: லெகசி’ படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நான் ஏன் எழுந்து வந்தேன் என்று மூன்று நாளாக ஆள் மாற்றி ஆள் கேட்கிறீர்கள். அங்கே இருந்த எல்லாருக்கும் காரணம் தெரியும். ‘மொக்கைப் படம் போட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள்’ என்று நேற்று உங்களில் ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அது பெரிய காவியம் என்று நான் சொல்லவே இல்லை. 2020 அக்டோபரில், கொரோனா சமயத்தில், அமெரிக்காவில் தியேட்டருக்குப் போகாமல் நேராக வீட்டுக்கே வந்த, மந்திரம் செய்கிற நாலு பள்ளிப் பெண்களைப் பற்றிய சின்ன பட்ஜெட் படம். கடைசியில் எல்லாம் அவசர அவசரமாக முடிகிறது, பேய்ப்பட பயமும் பெரிதாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சிரித்தது அதற்கு இல்லையே. புதுப் பள்ளியில் முதல் நாள், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே கதாநாயகி லில்லிக்கு மாதவிலக்கு வந்துவிடுகிறது, டிம்மி என்கிற பையன் எல்லார் முன்னாலும் கேலி செய்கிறான், வகுப்பு சிரிக்கிறது. அந்த வகுப்போடு சேர்ந்து நீங்களும் சிரித்தீர்கள்.

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் இது நடந்தது. வெள்ளிக்கிழமை, வெள்ளை யூனிஃபார்ம். பின்னாலிருந்து ஒருவன் விளம்பரத்தில் வருகிற மாதிரியே ‘கறை நல்லது’ என்றான். டீச்சர் காதில் விழாத மாதிரி போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியிராத ஒருத்தி எழுந்து வந்து, தன் புத்தகப் பையை எனக்குப் பின்னால் மறைப்பாகப் பிடித்தபடி பாத்ரூம் வரைக்கும் நடந்தாள். படத்திலும் லில்லியைத் தேடி, பிறகு அவளுக்குத் தோழிகளாகப் போகிற மூன்று பெண்கள் பாத்ரூமுக்குத்தான் வருகிறார்கள். மந்திரம், சூனியம் எல்லாம் அப்புறம்தான். வகுப்பே சிரிக்கும்போது மூன்று பேர் எழுந்து வந்தார்களே, எனக்குப் படமே அதுதான்.

‘1996இல் வந்த முதல் படமான தி கிராஃப்டின் கால்தூசி பெறுமா’ என்று கேட்பீர்கள். அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்து 5.5 கோடிக்கு மேல் சம்பாதித்த படம், நான்சியாக வரும் ஃபேரூசா பால்க் நடிப்புக்காகவே இன்னும் பார்க்கலாம். ஆனால் அதில் ஒதுக்கப்பட்ட நாலு பெண்கள் கையில் சக்தி வந்ததும் என்ன ஆகிறது? ஒருத்தியை ஒருத்தி அழிக்கப் பார்க்கிறார்கள், கடைசியில் நான்சியை மனநல மருத்துவமனையில் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த வயதில் அதைப் பார்த்த எனக்கு, பெண்கள் சேர்ந்தால் இப்படித்தான் முடியும் போல என்றுதான் மனதில் பதிந்தது. ஸோயி லிஸ்டர்-ஜோன்ஸ் எழுதி இயக்கிய இந்த இரண்டாம் படத்திலும் பெண்களுக்குள் சண்டை வருகிறது, லில்லியை ஒதுக்குகிறார்கள். ஆனால் திரும்பி வருகிறார்கள். அந்தத் திரும்பி வருதலுக்காக நான் சுமாரான கிராஃபிக்ஸை ஆயிரம் தடவை பொறுத்துக்கொள்வேன்.

‘ஆண்களை எல்லாம் கெட்டவர்களாகக் காட்டுகிற படம்’ என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். டிம்மி யார்? கேலி செய்த அதே பையன்தான். அந்தப் பெண்கள் அவனைப் பழிவாங்கவில்லை, அவனுக்குள் இருக்கிற நல்லவன் வெளியே வரட்டும் என்று மந்திரம் போடுகிறார்கள். அவனும் மாறி, யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்திருந்ததை அவர்களிடம்தான் சொல்லி அழுகிறான். பிறகு அவன் செத்துப்போகும்போது நான் ஒவ்வொரு தடவையும் அழுகிறேன். நீங்கள் அது வரைக்கும் பார்த்தீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

சரி, படத்தை விடுங்கள். படம் மோசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷமாக என் வீட்டில் சாப்பிட்டவர்கள் நீங்கள். அந்தப் படத்தை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று உங்களில் இரண்டு பேருக்காவது தெரியும், அந்த வெள்ளிக்கிழமைக் கதையை நானே சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் படியிறங்கும்போது ‘உட்காரு, ஜோக்குதானே’ என்று குரல் மட்டும் வந்தது, யாரும் எழுந்து வரவில்லை.